வேலியும் வெள்ளாமையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஒத்தக்கடையில் மேலூர்ச் சாலை ஓரமாக ஒரு தேநீர்க் கடை உண்டு. அதிகாலையில் அங்கே ஒரே நாளிதழை நான்கு பேர் நான்கு தாளாகப் பிரித்து வைத்துக்கொண்டு படிப்பார்கள். படித்து முடித்ததும் நாட்டைத் திருத்தும் வேலை தொடங்கிவிடும். விலைவாசியில் தொடங்கினாலும் சரி, லஞ்சத்தில் தொடங்கினாலும் சரி, பேச்சு கடைசியில் ஓரிடத்தில் வந்து நிற்பதை நான் சிறு வயது முதல் கேட்டு வருகிறேன். "இந்த நாட்டுக்கு மிலிட்டரி ஆட்சிதாம்ப்பா லாயக்கு. ஆறு மாசம் அவங்க கையில குடுத்துப் பாரு, எல்லாம் நேராயிரும்!"

சொல்பவர்கள் தீயவர்கள் அல்லர், உழைத்துக் களைத்தவர்கள். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் அப்படிச் சொன்னவர் என் தந்தையார்தாம். அவர் கொத்தனார். என் கல்வி உதவித்தொகைக்கு வேண்டிய ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தார். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போயிற்று. நான்காம் முறையும் "அடுத்த வாரம் வாங்க" என்ற பதிலோடு திரும்பியவர், தேநீர்க் கடையில் சொன்னதை வீட்டுத் திண்ணையிலும் சொன்னார்.

உள்ளே வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் அப்பத்தாவின் கை நின்றது. "வாயைக் கழுவுடா" என்றார். "மிலிட்டரி ஆட்சின்னா என்னன்னு உனக்கு என்ன தெரியும்? நீ இங்க பெறந்தவன். நான் அதைப் பாத்துட்டுத்தான் கப்பலேறி வந்தேன்."

அன்றிரவு அப்பத்தா சொன்ன கதையும், அதன்பின் நூலகத்தில் நான் தேடிப் படித்த வரலாறுமே இக்கட்டுரைக்குக் காரணம். நம் வகுப்பறையிலும் விடுதியிலும்கூட "மிலிட்டரி ஆட்சி" என்பது ஏதோ ஒரு மருந்தின் பெயர்போலப் புழங்குகிறது. அம்மருந்தைக் குடித்த நாடு என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டுப் பிறகு சீட்டு எழுதுவது நல்லது அன்றோ?

பர்மா கற்ற பாடம்

அப்பத்தா பிறந்தது 1951-இல், ரங்கூனில். அவருடைய தந்தை மேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவர். அரிசி, பருப்பு, வெற்றிலை விற்கும் சிறு கடை வைத்திருந்தார். பர்மா 1948 ஜனவரி 4-ஆம் நாள் சுதந்திரம் பெற்றது. நமக்கும் அவர்களுக்கும் இடையே ஐந்து மாதம்கூட இல்லை. நாடாளுமன்றம், தேர்தல், நீதிமன்றம் யாவும் அங்கும் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகிலேயே மிகுதியாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு அது.

ஆயினும் அந்நாட்டுக்குப் பிறவியிலேயே துன்பம் வாய்த்தது. விடுதலைத் தலைவர் ஆங் சான், சுதந்திரத்தைக் காணாமலே 1947 ஜூலை 19-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். உள்நாட்டுப் போர் மூண்டது. ஆளுங்கட்சி 1958-இல் இரண்டாகப் பிளந்தது. அப்போது பிரதமர் ஊ நு, படைத்தலைவர் நே வின்னிடம் ஆறு மாதத்துக்கு ஆட்சியை ஒப்படைத்தார். அதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு.

இங்கேதான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். அந்த முதல் இராணுவ ஆட்சி பலருக்கும் பிடித்திருந்தது! ரங்கூன் தெருக்களில் மலைபோல் குவிந்த குப்பை அகன்றது. நகருக்குள் நெருக்கியடித்துக் கிடந்த குடிசைகள் வெளியே புதிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. அலுவலகங்களில் அச்சம் பிறந்தது. ஆறு மாதம் பதினெட்டு மாதமாக நீண்டாலும், 1960-இல் தேர்தல் நடந்தது. ஊ நு வென்றார். இராணுவம் பாசறைக்குத் திரும்பியது. நம் தேநீர்க் கடை கேட்கிறதே ஆறு மாதம், அது இதுதான்.

ஆனால் ஒரு முறை நாற்காலியில் அமர்ந்து பார்த்தவர்களுக்கு வீட்டின் வழி தெரிந்துவிட்டது. 1962 மார்ச் 2-ஆம் நாள் யாரும் அழைக்காமலே வந்தார்கள். பிரதமரும் அமைச்சர்களும் கைதாயினர். அரசியல் சட்டம் மூலையில் வைக்கப்பட்டது. நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. 1964-இல் ஆள்வோரின் கட்சி தவிர ஏனைய கட்சிகள் அனைத்தும் தடை செய்யப்பட்டன. நே வின்னின் பிடி தளர 1988 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆறு மாதத்தில் தொடங்கிய கணக்கு இருபத்தாறு ஆண்டில் வந்து நின்றது!

மாணவ நண்பர்களே, நமக்குரிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. 1962 ஜூலை 7-ஆம் நாள் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் புதிய விடுதி விதிகளை எதிர்த்துக் கூடினார்கள். படை வந்து சுட்டது. மறுநாள் விடியலில் மாணவர் சங்கக் கட்டடம் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. ஆங் சானும் ஊ நுவும் மாணவப் பருவத்தில் தலைமை தாங்கிய அதே சங்கம்! விடுதியில் சாம்பார் சரியில்லை என்று நாம் முதல்வர் அறை முன் நிற்கிறோம். கோபமாய்ப் பேசுகிறோம். அவரும் கோபமாய்ப் பேசுகிறார். பிறகு திரும்பி வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறோம். அப்படித் தூங்க முடிவது எவ்வளவு பெரிய பேறு என்பது ரங்கூன் மாணவர்களை நினைத்தால் விளங்கும்.

அப்பத்தாவின் கதைக்கு வருகிறேன். 1964-இல் கடைகள் நாட்டுடைமையாயின. ஒரு காலையில் சிப்பாய்கள் வந்து கடையைப் பூட்டி, எண் எழுதிய பலகை ஒன்றை மாட்டினார்கள். அன்று முதல் அது "மக்கள் கடை". மக்கள் கடை என்று பெயர். ஆனால் அதில் உட்கார்ந்திருந்த மனிதர் வீதிக்கு வந்துவிட்டார். அதே ஆண்டு மே 17-இல் 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. பெட்டியில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் கிழிந்த தாளுக்குச் சமமாயிற்று. அந்த ஆண்டுகளில் பர்மாவை விட்டு வெளியேறிய இந்தியர் மூன்று லட்சம் அளவினர். அவர்களில் தமிழர் மிகப் பலர். சென்னைப் பர்மா பஜாரும், தமிழகத்தின் பல ஊர்களில் உள்ள பர்மா காலனிகளும் இன்றும் அந்தக் கதையைச் சொல்கின்றன.

கப்பலேறும்போது நடந்ததை அப்பத்தாவின் சொற்களிலேயே தருகிறேன்: "பதிமூணு வயசுப் பிள்ளை நான். காதுல கெடந்த தோட்டைக் கழட்டி வாங்கிட்டாங்க. காது தூந்துரக் கூடாதுன்னு எங்கம்மா ஈர்க்குச்சியைச் செருகி விட்டுச்சு. தோடு போனதுகூடப் பெருசில்லப்பா. ஏன் எடுக்குறீகன்னு கேக்க ஒரு ஆளு இல்ல. யார்கிட்டப் போயிக் கேக்குறது?"

"யாரிடம் போய்க் கேட்பது?" நான் படித்த நூல்கள் அனைத்திலும் இராணுவ ஆட்சிக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணத்தைக் காணவில்லை.

அப்படியெல்லாம் செய்து அந்நாடு செழித்ததா? அரிசி ஏற்றுமதியில் முன்னின்ற நாடு 1987-இல் உலகின் மிகப் பின்தங்கிய நாடுகளுள் ஒன்றாக ஐ.நா. பட்டியலில் சேர்ந்தது. 1990 தேர்தலில் மக்கள் எதிர்க்கட்சிக்குப் பெரு வெற்றி தந்தார்கள். இராணுவம் ஆட்சியை ஒப்படைக்க மறுத்தது. பின்னர் 2015-இல் மீண்டும் மக்கள் தீர்ப்பு வந்தது. 2021 பிப்ரவரி 1-ஆம் நாள் இராணுவம் மீண்டும் வந்து அமர்ந்தது. ஒருமுறை திறந்து கொடுத்த கதவை மூடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நம் நாடு தப்பியது எவ்வாறு?

பாகிஸ்தானிலும் 1958, 1969, 1977, 1999 என நான்கு முறை படைத்தலைவர்கள் நாட்டுத் தலைவர்களானார்கள். வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் பொதுத் தேர்தலே அங்கு 1970-இல்தான் நடந்தது. நம் நாட்டிலோ 1951-52 தேர்தலிலேயே ஏறத்தாழ 17 கோடிப் பேருக்கு வாக்குரிமை இருந்தது. எழுத்தறியாதவர்களுக்கு வாக்கு எதற்கு என்று ஏளனம் செய்தவர்கள் அன்று உண்டு. அந்த எழுத்தறியாதவர்களுள் என் முன்னோரும் அடங்குவர்.

நாம் தப்பியது தற்செயல் என்று நான் எண்ணவில்லை. வெள்ளையர் காலத்தில் வைசிராய்க்கு அடுத்த பெரிய மனிதர் படைத் தலைமைத் தளபதி. டில்லியில் அவர் வாழ்ந்த மாளிகையே, இன்றைய தீன் மூர்த்தி பவன், சுதந்திரத்துக்குப் பின் பிரதமர் நேருவின் இல்லமாயிற்று. இனி யார் பெரியவர் என்பதை அந்த வீடு மாறிய செயல் சொல்லிற்று. 1949 ஜனவரி 15-இல் ஜெனரல் கரியப்பா முதல் இந்தியத் தலைமைத் தளபதியானார். 1955-இல் அந்தத் தலைமைத் தளபதிப் பட்டமே நீக்கப்பட்டு, தரை, கடல், வான் படைகளுக்கு மூன்று தலைவர்கள் சமநிலையில் வைக்கப்பட்டனர். 2020-இல் முப்படைத் தளபதி என்னும் பதவி தோன்றியபோதும், படைகளுக்கு நேரடியாக ஆணையிடும் அதிகாரம் அவருக்கு அளிக்கப்படவில்லை. அரசியல் சட்டப்படி முப்படைகளின் உச்சத் தலைமை குடியரசுத் தலைவரிடம். பணப்பையின் கயிறு நாடாளுமன்றத்திடம்.

நம் தமிழகத்துக் குடும்பம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஜெனரல் பி. பி. குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படைத் தலைவர். அவர் தந்தை டாக்டர் சுப்பராயன் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். தம்பி மோகன் குமாரமங்கலம் கம்யூனிஸ்ட் இயக்கத்தில் இருந்து, பின் மத்திய அமைச்சரானவர். அரசியல் அந்த வீட்டில் கரைபுரண்டு ஓடியது. 1967-இல் தமிழகத்திலும் வேறு பல மாநிலங்களிலும் ஆட்சிகள் கவிழ்ந்து நாடே குலுங்கிய நேரத்தில் படை முழுவதும் அவர் ஆணையில் இருந்தது. ஆயினும் ஒரு சிப்பாய்கூடப் பாசறையை விட்டு நகரவில்லை. 1971-இல் 93,000 பேரைச் சிறைபிடித்த வெற்றியின் போது படைக்குத் தலைமை தாங்கிய மானெக்சா, பதவி முடிந்ததும் நம் குன்னூரில் வந்து அமைதியாக வாழ்ந்து, 2008-இல் மறைந்தார். வென்ற தளபதி வீட்டுக்குப் போகிறார். தோற்ற பிரதமரும் வீட்டுக்குப் போகிறார். நாடு என்பது இதுதான்!

மெட்ராஸ் ரெஜிமெண்டில் பதினேழு ஆண்டு பணியாற்றி அவில்தாராக ஓய்வு பெற்ற என் தாய்மாமனிடம் இதைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். "மாப்ளே, எங்களுக்குக் கண்ணிவெடி வைக்கவும் எடுக்கவும் சொல்லிக் குடுத்தாங்க. ரேஷன் கடை நடத்தச் சொல்லித் தரலை. உத்தரவுன்னா ஏன்னு கேக்கக் கூடாது, அது சண்டைக்குச் சரி. ஊருக்குள்ள ஏன்னு கேக்காம எப்புடி?" என்றார். திருவள்ளுவரும் படைக்கெனத் தனி அதிகாரங்கள் வகுத்தவர்தாம். ஆனால் படையை அரசின் உறுப்புகளுள் ஒன்றாகவே வைத்தார், அரசாக வைக்கவில்லை.

எதிர்வாதங்கள்

"சிவிலியன் ஆட்சியில் மட்டும் கொடுமை இல்லையா?" என்று என் அறைத் தோழன் கேட்டான். இருக்கிறது. 1975 ஜூனில் வந்த நெருக்கடி நிலையைக் கொண்டுவந்தது இராணுவம் அன்று. மக்கள் தேர்ந்தெடுத்த அரசு. தலைவர்கள் சிறைப்பட்டனர், பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்டது. வடகிழக்கு மாநிலங்களில் 1958 முதல் இராணுவத்துக்குத் தரப்பட்ட சிறப்பு அதிகாரச் சட்டத்தை எதிர்த்து மணிப்பூரின் இரோம் சர்மிளா 2000 முதல் 2016 வரை உண்ணா நோன்பிருந்தார். இவற்றை மறைத்துப் பேசினால் என் கட்டுரை பொய்யாகும். ஆனால் நெருக்கடி நிலை இருபத்தொரு மாதத்தில் முடிந்தது. முடித்து வைத்தது 1977 மார்ச்சில் மக்கள் இட்ட வாக்கு. சர்மிளா பதினாறு ஆண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கேள்வியை நாடே கேட்டது. படைக்கு மிகுந்த அதிகாரம் தந்த இடத்தில் என்ன நேர்கிறது என்பதற்கு அச்சட்டமே நம் வீட்டுச் சான்று. அப்படியிருக்க, நாடு முழுவதையும் அவ்வாறு ஆக்கக் கேட்பது என்ன நியாயம்?

"நல்ல தளபதி வந்தால்?" இதுவும் ஒரு கேள்வி. மதுரைக்காரர்களுக்கு இதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும். கம்பெனிப் படையில் சிப்பாய்த் தலைவராய் உயர்ந்து, மதுரைச் சீமையை ஆண்ட கான் சாகிப் யூசுப் கான் நல்ல நிருவாகி என்றே பெயர் எடுத்தார். கான்சா மேட்டுத் தெரு இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. அவர் முடிவு என்ன? சொந்த ஆட்களாலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டு 1764 அக்டோபர் 15-இல் தூக்கிலிடப்பட்டார். வாளால் வந்த ஆட்சி மாற வேண்டுமானால் மற்றொரு வாள்தான் வர வேண்டும். நல்லவர் வந்தாலும் அவரை மாற்ற வழி வேண்டும். ஏனெனில் நாளை வருபவர் நல்லவராக இருப்பார் என்று யாரும் உறுதிச் சீட்டு எழுதித் தருவதில்லை.

இயற்பியல் மாணவன் என்பதால் ஓர் உவமை சொல்ல அனுமதியுங்கள். எங்கள் வீட்டில் பியூஸ் அடிக்கடி போகும். எரிச்சலுற்ற என் தந்தையார் ஒரு நாள் மெல்லிய கம்பிக்குப் பதில் தடித்த செம்புக் கம்பியைச் செருகிவிட்டார். பிறகு பியூஸ் போகவே இல்லை. எல்லாரும் மகிழ்ந்தோம். ஒரு மாதம் கழித்துச் சுவரில் ஒயர் கருகிப் புகைந்தது. பியூஸ் போவது குறை அன்று. அதுவே அதன் வேலை என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். தேர்தல், நீதிமன்றம், பத்திரிகை, ஊர்வலம், மனு இவையெல்லாம் மெல்லிய கம்பிகள். அடிக்கடி அறுந்து வேலையைத் தடுக்கும், எரிச்சலூட்டும். தடித்த கம்பி போட்டவன் வீடு எரியும்.

யானைமலை சொல்வது

நம் ஊரை வந்து பார்ப்பவர் யாரும் யானைமலையைப் பார்க்காமல் போக முடியாது. 2010-இல் அந்த மலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் ஒன்று எழுந்தது. மலையைச் சுற்றியுள்ள ஊர் மக்கள் கூடி எதிர்த்தார்கள். அவர்களிடம் துப்பாக்கி இல்லை. பெரிய படிப்பும் இல்லை. "எங்கள் மலை" என்று சொல்லும் வாய் இருந்தது. திட்டம் கைவிடப்பட்டது. மலை இன்றும் முழுசாகப் படுத்திருக்கிறது. ஒரு நாட்டில் அரசு தன் குடிகளுக்காகப் பின்வாங்குமானால் அது அந்த அரசின் பலவீனம் அன்று, அதன் அழகு.

என் தந்தையாரின் சான்றிதழ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அப்பத்தா பேசிய மறுநாள் நான் உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். எங்கள் குடும்பத்தில் ஒருவர் தம் கையாலேயே எழுதிய முதல் மனு அது. இதற்கு முன் மனு என்றால் யாருக்காவது காசு கொடுத்து எழுதச் சொல்வோம். அவர் என்ன எழுதினார் என்பதும் தெரியாது. திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று அப்பா அதைக் கொடுத்தார். இரண்டு வாரத்துக்குள் சான்றிதழ் கைக்கு வந்தது. அதற்கும் ஒரு நாள் கூலி போயிற்று, மறுக்கவில்லை. ஆனால் போய்க் கேட்க ஓர் இடம் இருந்தது. பதின்மூன்று வயதில் ரங்கூன் துறைமுகத்தில் என் அப்பத்தாவுக்குக் கிடைக்காதது அந்த ஓர் இடம்தான்.

நம்மில் பலர் நாள்தோறும் அதிகாலையில் மைதானத்தில் ஓடி, இராணுவத் தேர்வுக்கு ஆயத்தம் செய்கிறோம். அந்த நண்பர்களை நான் வணங்குகிறேன். எல்லையில் பனியில் நின்று நாட்டைக் காப்பவர் சீருடைக்கு நம் நெஞ்சில் தனி இடம் உண்டு. ஆணைக்கு அடங்கி நிற்கும் வலிமைதான் அந்த இடத்தைப் பெற்றுத் தந்தது. அந்தச் சீருடையை அரசியல் சேற்றில் இழுப்பது நாட்டுக்கு மட்டுமன்றிச் சீருடைக்கும் இழைக்கும் தீங்காகும்.

வேலி வலுவாக இருக்கட்டும்; முள் கூராக இருக்கட்டும். ஆனால் வெள்ளாமையை நாம்தான் பார்க்க வேண்டும். களை மண்டினால் குனிந்து பிடுங்க வேண்டும். இடுப்பு வலிக்கிறது என்று வேலியைப் பிடுங்கி வயலுக்குள் நடுவதில்லை. பட்டம் வாங்கப் போகும் நாம் ஊருக்குச் செய்யக்கூடிய முதல் வேலை ஒன்று உண்டு. அடுத்த முறை தேநீர்க் கடையில் அந்தப் பேச்சு எழும்போது எழுந்து போய்விடாமல் உட்கார்ந்து பதில் சொல்வோம். பிறகு, நான்கு முறை நடந்து களைத்தவர் யாராவது அங்கிருந்தால் அவருக்கு ஒரு மனு எழுதிக் கொடுப்போம்.